அவைக்குறிப்பில் நட்சத்திரங்கள்

சட்டமன்றத்தில் யாராவது தகாததைப் பேசி, சபாநாயகர் அதை நீக்கச் சொன்னால், தட்டச்சர் ரெஜினா அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் போடுவாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த விசையில் எழுத்தே அழிந்துவிட்டது. ஒரு நாள், இடிந்து விழுந்த புதுப் பாலத்தைப் பற்றி விவாதம்.

"அதுல செத்துப்போன இளவழகன் உங்க கட்சிக்காரன். குடிச்சிட்டு விழுந்திருப்பான்" என்றார் ஒரு உறுப்பினர்.

"இளவழகன் உங்க ஆளு. உங்கப்பன மாதிரி கம்பி திருடப் போயிருப்பான்" என்றார் எதிர்வரிசைக்காரர்.

அப்பன் பாட்டன் வரை போனார்கள். பாலத்தின் பேச்சு பிறகு வரவே இல்லை. சபாநாயகர் அத்தனையையும் நீக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து இளவழகனின் தாய் தெய்வானை, அச்சான குறிப்பைக் கேட்டு வந்தாள். ரெஜினா எடுத்துக் கொடுத்தாள். தெய்வானை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மந்திரியின் பெயர் இருந்தது. சாப்பாட்டுக்கு அவையை ஒத்திவைத்த நேரம் இருந்தது.

"எம் புள்ள பேரு வரலியேம்மா."

"அத நீக்கிட்டாங்கம்மா. அந்த எடத்துலதான் நட்சத்திரம் வச்சிருக்கோம்."

தெய்வானை தாளில் விரலை வைத்து, வரிசையாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"இதுல எதும்மா அவன்?"