ஓடாத ஆட்டக்காரன்

"இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றேன் பாய். இனி நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, என் நாக்குல வேட்டு வெடிக்கட்டும்!"

பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் ஒச்சப்பன் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். அசன் முகம்மது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்பதற்கு வசதியாக உட்கார்ந்தார்.

அசன் முகம்மது விருதுநகர்க்காரர். வத்தல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காராமல், பந்து உதைத்தே மதுரையில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனவர். இப்போது அந்த மில் அணிக்கு ஆள் தேடி வந்திருந்தார். எடுக்கப்போவது ஒரே ஒருவனைத்தான். அவனுக்கு மில்லில் பேருக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். மற்றபடி பந்து உதைக்கத்தான் சம்பளம்.

எம். புதுப்பட்டிப் பொட்டலில் அன்று இரண்டு பட்டாசுக் கம்பெனிகள் கால்பந்தில் மோதவிருந்தன. கம்பெனித் தொழிலாளி தவிர வேறு யாரும் இறங்கக் கூடாது என்பது பந்தய விதி. ஒச்சப்பனின் தங்கை மகன் சங்கிலிமுத்து நடுக்கோட்டில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தான். அசன் முகம்மதின் கண் அவன் கைகளையே பார்த்தது.

"நெசமாவே இவன் உங்க கம்பெனி ஆளுதானா அண்ணாச்சி? வெளியாளை இறக்கினா ஆட்டம் செல்லாது."

"என்ன இப்பிடிக் கேட்டுட்டீக! அஞ்சு வருசமா மருந்துல கெடந்து உருள்ற பய. தும்முனா மூக்குல பொறி பறக்கும். எந்தங்கச்சி ராமுத்தாய் அவன் பக்கத்துல வெளக்கே பொருத்த மாட்டா."

"கையில ஒரு கறையைக் காணோமே?"

"கை எதுக்கு பாய்? அவனுக்கு அம்புட்டு வேலையும் கால்லதான். சரவெடி பின்னுறதுகூடக் கால்விரல்லதான். போன தீவாளி சீசன்ல லோடு லாரி கெளம்பிருச்சு. ஒரு பெட்டியை இங்கன மறந்துட்டுப் போயிட்டாக. பய வச்சான் பாருங்க ஒரு உதை! பெட்டி பறந்து போயி, சாத்தூர் போறதுக்குள்ள லாரியைப் பிடிச்சு, மத்த பெட்டிக மேல பூ மாதிரி உக்காந்துருச்சு."

"வெடிக்கலையா?"

"பதமா உதைப்பான்ல? அந்தப் பதத்துக்குத்தான் உங்க மில்லுல சம்பளம் கேக்கேன்."

அசன் முகம்மது சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஒச்சப்பன் குரலைத் தாழ்த்தினார். "எம்மக பொன்னுத்தங்கம் கட்டுனா இவனைத்தான் கட்டுவேங்கா. எம்பொஞ்சாதியோ, நெரந்தர உத்தியோகம் இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லேங்கா. மில்லு வேலை கெடைச்சா ஆவணியில தாலி. இல்லேன்னா வேற எடம் பாத்துருவா. நீங்கதான் மனசு வைக்கணும்."

அவர் சொன்னதில் சத்தியம் இல்லாமலே நம்பும்படி இருந்தது இது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் அதுவரை எல்லா ஆட்டமும் துண்டை உதறித்தான் தொடங்கும். அன்றைக்கு வந்திருந்தவர் மதுரை நடுவர். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார்.

அவ்வளவுதான். இருபத்தோரு பேர் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். இரண்டு கோல் காவலர்களும் முன்னால் போனார்கள். உடைமுள் வேலியைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி, அந்தப் பக்கம் குப்புறப் படுத்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்திலும் பாதியைக் காணோம். அசன் முகம்மது பக்கத்தில் திரும்பினால், ஒச்சப்பன் இருந்த இடத்தில் ஒரு ஜோடி செருப்புதான் இருந்தது.

சங்கிலிமுத்து சற்றுத் திகைத்தான். பிறகு பந்தைக் காலில் கோத்துக்கொண்டு கிளம்பினான். எதிரில் ஆள் இல்லாவிட்டால் என்ன, இருப்பதாக நினைத்துக்கொண்டு இடம் வலமாக ஏமாற்றியபடி போய், வெகு தூரத்திலிருந்தே ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து வளைந்து, கம்பத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு கோலுக்குள் விழுந்தது. அப்படியொரு உதையை அசன் முகம்மது மில் மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை.

வேட்டி நிறைய முள்ளோடும் மூச்சிரைப்போடும் ஒச்சப்பன் திரும்பி வந்தார்.

"பாத்தீகளா பாய்! எம்மருமகன் கால்ல பந்து பட்டா ஊரே காலியாயிரும். அம்புட்டுப் பயம்!"

"அவன் பந்தைத் தொடுறதுக்கு முந்தியே ஓடிட்டாகளே?"

"தொட்ட பொறவு ஓடுனா தப்பிக்க முடியுமா?"

"அதுவும் சரிதான். உதை நல்ல உதை, மறுக்கலை. ஆமா, நீங்க எதுக்கு அண்ணாச்சி ஓடுனீக? மாமனையுமா உதைப்பான்?"

"அது இருவது வருசப் பழக்கம் பாய்." ஓடிய இரைப்பில் ஒச்சப்பனின் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "கம்பெனியில விசில் அடிச்சா, மருந்துல தீப் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். கையில இருக்கதைப் போட்டுட்டு வெளிய ஓடிப் படுத்துரணும். வேலைக்குச் சேந்த மொத நாளு, மருந்தைக் கண்ணுல காட்டுறதுக்கு முந்தி இதைத்தானே சொல்லிக் குடுப்போம். ஒரு நாளு வேலை பாத்த பயகூட மறக்க மா..."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பொட்டலின் நடுவே பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இத்தனை பேரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான் சங்கிலிமுத்து.

"கோல் செல்லாது, அண்ணாச்சி. பையன் செல்லுவான்; ஆவணியிலயே கல்யாணத்தை வைங்க" என்று எழுந்தார் அசன் முகம்மது. "ஆனா ஒண்ணு. எங்க மில்லுல சங்கு ஊதுனா உள்ள ஓடி வரணும். அதையாச்சும் மொத நாளே சொல்லிக் குடுத்து அனுப்புங்க."