யாருடைய ஒன்பது மணி?

“முகூர்த்தம் ஒன்பதுன்னா எங்க டோக்கியோ ஒன்பதுதான் சம்பந்தி! பொண்ணு எங்கே?” மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போனில் அலறினாள்.

“நாங்க லண்டன், சம்பந்தியம்மா. எங்களுக்கு இப்பதான் நடுராத்திரி!” என்று பதிலுக்குக் கத்தினார் தமயந்தியின் அப்பா.

இரண்டு வீடும் இருப்பதென்னவோ தாம்பரத்தில்தான். சூரியனைப் பார்த்து மணி சொன்னது போய், சம்பளம் வரும் ஊரைப் பார்த்துச் சொல்லும் காலமாயிற்றே!

தமயந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. “இப்பவே போயிடலாம்ப்பா.”

“நமக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு” என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக் கிளம்பியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் குமரவேல் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க போகலையா?” என்று கேட்டாள் தமயந்தி.

“எனக்கு உள்ளூர்ச் சம்பளங்க. கெட்டிமேளம் முடியாம எப்படிப் போறது?”

தமயந்தி அவரையே கட்டிக்கொண்டாள். பழைய மாப்பிள்ளை மனசு வெறுத்து பெர்லினுக்குப் போய்விட்டானாம். ஆள் தாம்பரத்திலேயேதான் இருக்கிறான்.