டார்கஸின் சொந்த ஊர்

அன்று காலை டார்கஸ் அவரைக்கொடிக்குக் கொம்பு ஊன்றிவிட்டு, கணவனிடம் கயிறு கேட்டாள். சாயங்காலம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் கணவன், ஊர்க்காவலன் ஆம்ப்ரோஸ், தனி ஆளானான்.

அறுவடை முடிந்ததும் பக்கத்து ஊர்க் காவலன் நெட் வண்டியோடு வந்தான். போக்கிடமில்லாமல் திரிபவர்களைப் பிடித்துச் சொந்த ஊருக்கு அனுப்புவது சட்டம். ஒவ்வொரு ஊரும் தன் செலவில் அடுத்த எல்லைவரை கொண்டுபோய் விடும்.

"நார்விச் சந்தையில திரிஞ்சுதாம். உங்க ஊருதான்னு அடிச்சுச் சொல்லுதுப்பா" என்றான் நெட்.

வண்டியின் வைக்கோலில், செத்துப்போன டார்கஸ் உட்கார்ந்திருந்தாள். "கால் வலிக்குதுங்க" என்றாள்.

ஊர்ப்பணத்துக்குப் பொறுப்பான பிளோரைட் வந்து பார்த்தார். அவள் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"இவளுக்குச் சவப்பெட்டி வாங்கிக் குடுத்தாச்சு ஆம்ப்ரோஸ். இனி ரொட்டியும் போடணும்னா ஊர் தாங்குமா?"

"என் வீட்ல வெச்சுக்கிறேன் ஐயா. ஊர் ஒண்ணும் குடுக்க வேணாம்."

"நாளைக்கு நீயும் போயிட்டா? எங்க தலையிலதானே விழும்! அடுத்த எல்லையில விட்டுட்டு வா."

எத்தனையோ பேரை அப்படி விட்டுவந்தவன் ஆம்ப்ரோஸ். அவளைத் தன் வண்டியில் ஏற்றிக் கிளப்பினான். அவள் வழிநெடுக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லைக்கல் வந்தபோது அவளை இறக்கிவிட அவனுக்கு மனமில்லை. இருவருமாக எங்கேயாவது போய்விடலாமென்று குதிரையைத் தட்டினான், கெஞ்சினான், இறங்கிப்போய் இழுத்தான்.

குதிரை நகரவில்லை. அந்தக் கல்லுக்கு அப்பால் அது ஒருநாளும் போனதில்லை.