நாலு மணிச் சிங்கம்

வீட்டுக்குக் காவலாகக் கதவில் பதித்திருந்த பித்தளைச் சிங்கம் எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. அதன் வாயில் தொங்கிய வளையத்தில் ஓர் அணில் தினமும் ஊஞ்சலாடும்.

ஒருநாள் சிங்கத்தைப் படமெடுக்க வந்த கேமரா, மத்தியானம் முழுக்கச் சும்மாவே இருந்தது.

“எதுக்குக் காத்திருக்கே?” என்று கேட்டது சிங்கம்.

“வெயில் சாயணும்ணே.”

நாலு மணிக்கு வெயில் சாய்ந்தது. கேமரா படமெடுத்துக் காட்டியது. கோரைப்பல்லும் பிடரியுமாக ஒரு நிழல் கதவு முழுக்க நின்றது.

“யாருப்பா இது?”

“நீங்கதாண்ணே.”

மறுநாள் காலையில் சிங்கம் அந்த நிழலைத் தேடியது. காணோம். அணில்தான் வந்தது.

“இப்ப ஆடிக்கோ,” என்றது சிங்கம். “நாலு மணிக்கு மட்டும் இந்தப் பக்கம் வந்துடாதே. அப்ப நான் ரொம்பப் பொல்லாதவன்.”