கரைக்குக் கீழே ஒரு தெரு

"நெல்லு மூட்டையப் பரண்ல ஏத்திட்டேன். ஆட்ட அவுத்துவிட்டுட்டுக் கிளம்பு, சொர்ணம்," என்று அவசரப்படுத்தினான் தங்கமுத்து.

மழை விட்டபாடில்லை. சித்தையன்கோட்டையைத் தாண்டியிருந்த அவர்கள் ஊர்க் குளம் தளும்பி நின்றது. அந்தக் குளத்துக்குக் காவல் அவன்தான்.

"கரை தாங்கும்னு நேத்து நீங்கதான சொன்னீக?"

"இப்பப் போகச் சொல்றேன்ல. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கொடைரோட்டுக்கு, உங்க அக்கா வீட்டுக்குப் போயிரு."

தங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினான். ரேஷன் கார்டு, தீப்பெட்டி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் உரச்சாக்கில் பொதிந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். நடக்க முடியாத கிழவர் பொன்னழகுவை முதுகில் சுமந்துபோய் பஸ்ஸில் ஏற்றினான்.

"நீ நல்லா இருக்கணும் அப்பு. உன்னாலதான் எங்க உசுரு பொழச்சது," என்று அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கமுத்து கையை உருவிக்கொண்டான்.

"நீங்க வரலியா? நாங்க எப்பத் திரும்பி வாரது?" ஜன்னல் வழியாகக் கேட்டாள் சொர்ணம்.

"செத்த நேரத்துல வாரேன்." பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக் கிளம்பச் சொன்னான்.

பஸ் மறைந்ததும் மண்வெட்டியோடு கரையேறினான். ஊர்ப் பெரியவர்கள் குடைபிடித்துக் காத்திருந்தார்கள். கரை தானாக உடைந்தால் கிழக்கே ஊரே போய்விடும், மேற்கே வெட்டிவிட்டால் ஒரு தெருவோடு போகும் என்று காலையில் கூடி முடிவெடுத்திருந்தார்கள்.

"வெட்டு, தங்கமுத்து. இனி தாங்காது."

தன் வீட்டுக் கூரை நேர்கீழே தெரிந்த இடத்தில் அவன் முதல் வெட்டைப் போட்டான்.