முன்னைவிட உறுதி

தடித்த கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கைகள் அந்த எஃகுத் துண்டை எடுத்து மேடையில் வைத்தன. இந்தப் பக்கம் நின்று அவற்றை ஆட்டியவள் சோதனைக்கூடப் பொறியாளர்.

விரல் நீளத் துண்டுதான். ஆனால் அணு உலையின் சுவர் எந்த எஃகோ, அதே எஃகு. உலை ஓடத் தொடங்கிய நாள் முதல் உள்ளேயே கிடந்து நியூட்ரான்களிடம் அடி வாங்கியது. இது தாங்கினால் உலை இன்னும் பல வருஷம் ஓடும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

பக்கத்தில் இயக்குநர் கைகட்டி நின்றார். எல்லோருக்கும் போல அவளுக்கும் அவர் 'சார்'தான்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்ட மனிதர். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் என்று கட்டடமே மூக்கின்மேல் விரலை வைத்தது. அவளுக்கு மட்டும் அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இதே எஃகை இழுத்துப் பாத்தப்போ புதுசைவிட ஸ்ட்ராங்கா இருந்துச்சே, அப்புறம் என்ன?" என்றார்.

"அதனாலதான் சார் பயமா இருக்கு."

நியூட்ரான்கள் மோதி மோதி உள்ளே அணுக்கள் இடம் மாறிக் கிடந்தன. அதில் சிக்கிக்கொண்டு எஃகால் அசைந்து கொடுக்க முடியவில்லை. அந்த இறுக்கத்தைத்தான் எல்லோரும் உறுதி என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

சற்றுமுன் ஊசல் சுத்தியலால் அடித்துப் பார்த்த, உலைக்குள் போகாத புதுத் துண்டு வளைந்தது, நார்நாராகக் கிழிந்தது. ஆனாலும் இரண்டாகப் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

இப்போது இதன் முறை. அவள் பொத்தானை அழுத்தினாள். ஊசல் சுத்தியல் இறங்கியது.

டிங்.

அவ்வளவுதான். ஆளுக்கொரு மூலையாகத் தெறித்தன இரண்டு பாதிகள். எதையும் உடைத்ததாகவே தெரியாமல் சுத்தியல் மறுபக்கம் ஏறிப்போனது. உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி போல மினுங்கியது.

இயக்குநர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம்கூட வளையலையே..." என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

அவள் இயந்திரக் கைகளை விட்டுவிட்டு அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, வாங்க, வீட்டுக்குப் போலாம். அம்மா காயப்போட்ட துணி இன்னும் கொடியிலயே கிடக்கு. நீங்களும் எடுக்கல, நானும் எடுக்கல."