கடைசி ரவுண்டு

"நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருது. இப்பப் பார்த்து இப்படிச் சேத்துல இறக்கி வெச்சிருக்கீங்களே!" லாவண்யா கத்தினாள்.

அவள் கணவன் ரகுராம் ஜன்னல் வழியே எட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். ஜீப்பின் நாலு சக்கரமும் பாதிக்குமேல் புதைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல் பக்கம், பாதி வற்றிய ஏரி ஒன்றின் நடுவில் இருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் நடமாட்டம் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து போட்ட சண்டைக்குப் பலனாகத்தான் ஜீப்பை விற்க ஒப்புக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கட்டின பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு எங்கேயோ போவான். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் சேறு. வந்தால் பேச்சும் இருக்காது, சாப்பாடும் இறங்காது.

கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன அவன் அண்ணன் ஸ்ரீகண்டனின் வண்டி என்பதால் லாவண்யாவும் பொறுத்துத்தான் பார்த்தாள். அவர் எப்படிப் போனார் என்று கேட்டால் அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. மாமியார் இன்னும் அவருக்குப் படம்கூட மாட்டவில்லை. மாட்டினால் பிள்ளை போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். இந்த வண்டி தொலைந்தால்தான் புருஷன் தனக்குக் கிடைப்பான் என்று லாவண்யா முடிவுகட்டிவிட்டாள்.

"கடைசியா ஒரே ஒரு ரவுண்டு, நீயும் வா" என்று இன்று கூப்பிட்டான். போனால் போகிறது என்று வந்தாள். வந்தால் இந்த லட்சணம். விற்க மனசில்லாமல் செய்த வேலையோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"நீ ஸ்டியரிங்ல உட்காரு. நான் தோண்டுறேன்." மண்வெட்டியோடு இறங்கிப்போய் முன்சக்கரத்தருகே மண்டியிட்டான் ரகுராம்.

அவள் இருந்த கோபத்தில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை அவன் முகத்தில் வாரி அடித்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"மிதிக்காதம்மா. மிதிச்சா குழிதான் ஆழமாகும்."

அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். அவளைக் கண்டதும், முழங்கால்வரை சுருட்டியிருந்த பேன்ட்டை இறக்கிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஏரிக்கரைத் தோப்புக்காரர் யாரோ என்று நினைத்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"டயர்ல காத்து ஜாஸ்தி. பாதி எறக்கிடச் சொல்லு. அப்பதான் மண்ணைப் பிடிக்கும்." அவள் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தே பேசினார்.

"டயர்ல பாதிக் காத்தை எறக்கணுமாம்!" என்று கணவனுக்குச் சொன்னாள்.

ரகுராமின் கை அப்படியே நின்றது. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, வந்தவரிடம் மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை பேசாமல், குனிந்து காற்றை இறக்க ஆரம்பித்தான். அடுத்தவர் சொல்லிக்கொடுத்தால் இந்த ஆம்பளைகளுக்கு ஆகாது என்று லாவண்யாவுக்கு எரிச்சலாக வந்தது.

"அவரைத் தப்பா எடுத்துக்காதீங்க, சார்."

"இருக்கட்டும்மா" என்று சிரித்தார் அவர். சேற்றில் கை வைக்காமல் வாயாலேயே வேலை வாங்குகிற ஆள்தான், ஆனாலும் பேச்சில் ஒரு பாசம் இருந்தது.

"வேற என்ன சொல்றார்?" ரகுராமின் குரல் கரகரத்தது. நக்கல் பண்ணுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

"வண்டிக்குள்ள இருக்கிற ரப்பர் விரிப்பை எல்லாம் எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால செருகணுமாம். செகண்ட் கியர்ல எடுக்கணுமாம். ஃபர்ஸ்ட் போட்டா இந்த வண்டி குதிக்குமாம்."

ரகுராம் உதட்டைக் கடித்துக்கொண்டான். விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவிச் சக்கரத்துக்கு முன்னால் செருகினான். தூறல் நின்றிருந்தது. காற்றும் நின்று, ஏரி முழுக்க ஒரு சத்தம் இல்லை. லாவண்யாவுக்கு ஏனென்று தெரியாமல் உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, அழுகை வரும்போலவும் இருந்தது.

"ஸ்வல்ப மெதுவா... ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே வாம்மா. பயப்படாத. பாரு, பிடிச்சிடுச்சு! விடாத, விடாத!"

ஜீப் முனகிக்கொண்டு விரிப்பின்மேல் ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கி, கெட்டி மண்ணுக்கு வந்து நின்றது. சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே, நன்றி சொல்வதற்காக எட்டிப் பார்த்தாள். அவரைக் காணவில்லை. நாலாபக்கமும் திறந்து கிடந்த ஏரி. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது.

ரகுராம் மட்டும் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பதறிப்போய் இறங்கி ஓடினாள்.

"என்னங்க ஆச்சு? அவர் எங்க போனார்?"

"இங்கதான் லாவண்யா... யாரோட வண்டியையோ இழுத்து விடறப்ப, கேபிள் அறுந்து அடிச்சு, இந்த எடத்துலதான் அண்ணன் போனார். யார் வண்டி சிக்கினாலும் ஓடி வந்துடுவார். அதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வண்டியை வேணும்னே எறக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பேன். ஒரு தடவைகூட என் கண்ணுக்குத் தெரியலை. இன்னைக்கும் தெரியலை."

ரகுராம் சேற்றுக் கைகளால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணன் நல்லா இருக்காரா?"